மழை விழுந்த பக்கம்

குவாரியில் அவளை நாக்குக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். அதற்குக் காரணம் இரண்டு. கையில் எந்தக் கல்லை எடுத்தாலும் நுனி நாக்கில் ஒட்டிப் பார்ப்பாள். வெறும் கல் நாக்கில் ஒட்டாது. கல்லாகிப்போன எலும்பு லேசாகப் பிடித்துக்கொள்ளும். இன்னொரு காரணத்தை மேஸ்திரியிடம் கேட்க வேண்டும். ஒரு தடவை தெரியாத்தனமாக அவளைச் சோம்பேறி என்று சொல்லிவிட்டு, அவள் சொன்ன பதிலைக் கேட்டு மூன்று நாள் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காமல் இருந்தவர் அவர்.

அது சுண்ணாம்புக்கல் குவாரி. ஆண்கள் ஆப்பு இறக்கிப் பாளம் பாளமாகப் பெயர்ப்பார்கள். பெண்கள் உடைசலைக் கூடையில் அள்ளிச் சூளைக்குக் கொண்டுபோவார்கள். உடைசலில் சிப்பி இருக்கும், நத்தைச் சுருள் இருக்கும், சில நாள் மீன் முள் வரிசை அப்படியே பதிந்திருக்கும். மற்றவர்களுக்கு எல்லாம் ஒன்றுதான், வெந்தால் சுண்ணாம்பு. இவள் மட்டும் கூடையைச் சூளை வாயில் கவிழ்ப்பதற்கு முன் ஒரு கிளறு கிளறிப் பார்ப்பாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்தப் பழக்கம். அவள் பொறுக்கியது கட்டிலுக்கு அடியில், ஜன்னல் திட்டில், அடுப்படி மாடத்தில் என்று வீடு முழுக்க ஏறிக்கொண்டே போனது. அவள் புருஷன் கல் கொத்துகிறவர், அதிகம் பேசாதவர். அவரே ஒரு நாள் கட்டிலில் உட்கார்ந்து காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, "வெளிய ஒரு குவாரி, உள்ள ஒரு குவாரி. நான் எங்கதான் காலை நீட்டுறது?" என்று கேட்டார்.

அந்தக் குவாரியில் ஒரு முறை இருந்தது. ஒரு பாளத்தைப் பெயர்த்ததும், அது பூமிக்குள் எந்தப் பக்கம் கீழே இருந்ததோ அந்தப் பக்கத்தில் தாரால் ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். சுவர் கட்டுகிறவர் அந்தக் கோடு கீழே இருக்கும்படி கல்லை வைப்பார். மண்ணுக்குள் படுத்திருந்த மாதிரியே சுவரிலும் படுத்திருந்தால்தான் கல் தாங்கும், புரட்டி வைத்தால் நாலு மழைக்குள் தோல் உரியும் என்பது அவர்கள் நம்பிக்கை. இதை யாரும் யாருக்கும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தது கிடையாது. கோடு என்றால் கீழ்ப்பக்கம். அதில் சந்தேகம் கேட்பவனைக் குவாரியில் புத்தி பேதலித்தவன் என்றுதான் நினைப்பார்கள்.

அவளுக்கு ஏழு மாதம் ஆனபோது மேஸ்திரி மனம் இளகி, கூடை தூக்க வேண்டாம், பாறைச் சரிவுக்குக் கீழே நிழலில் உட்கார்ந்து சாமான்களுக்குக் காவல் இரு என்று சொன்னார். சும்மா இரு என்று சொன்னால் சும்மா இருக்கிற ஜென்மமா அது? முதல் நாளே, புதிதாகப் பெயர்ந்த பாறையின் அடியில் நூல்கண்டுகளை வரிசையாகக் கோத்து வைத்தது போல ஏதோ தெரிந்தது. எட்டி நாக்கை வைத்தாள். ஒட்டியது. அது முதுகெலும்பு. கை எட்டிய தூரம் வரை போனது, அதற்கப்பாலும் போனது.

குப்புறப் படுத்துத் தோண்ட வயிறு விடவில்லை. ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, இடது தோளுக்குக் கீழே சாக்கை மடித்து வைத்து, சின்ன உளியால் இருபத்திரண்டு நாள் சுரண்டினாள். மூன்று ஆள் நீளம் இருந்தது அந்த மிருகம். கால்களுக்குப் பதில் துடுப்பு மாதிரி நாலு. முதுகெலும்பு மேலே, நசுங்கித் தட்டையாக. அதற்குக் கீழே விலா. விலாவுக்கும் கீழே, வயிற்றை மூடிய பாய் மாதிரி, நெருக்கமாகப் பின்னிய எலும்புத் தட்டுகள். அந்தத் தட்டுகளுக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் சுருண்டு கிடந்தது ஒரு சின்ன மிருகம். முழம் நீளம்கூட இல்லை. அதற்கும் நாலு துடுப்பு.

தலை மட்டும் இல்லை. தலை இருந்த பாளம் போன வாரமே சூளைக்குப் போய்விட்டது. யாரோ ஒரு புண்ணியவான் வீட்டுச் சுவரில் அது வெள்ளையாகப் பூசப்பட்டிருக்கும். அதை நினைத்து அவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

புருஷனும் அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேரும் பாளங்களைப் பெயர்த்துக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் அவளே தார்க்கோடு இழுத்தாள். நகரத்து அருங்காட்சியகத்துக்குத் தபால் போயிற்று, ஒரு பேராசிரியர் வந்தார். அவர் வந்தபோது பெட்டிகள் அடுக்கி முடிந்திருந்தன. திரும்பிப் போகும் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று மூன்று தடவை கடிகாரத்தைப் பார்த்தார். பாறைச் சரிவுக்கு வந்து ஒரு நிமிஷம் அந்த இடத்தைப் பாருங்கள் என்று அவள் கூப்பிட்டாள். சேறாக இருக்கிறதே என்று வரவில்லை. சின்னது பெரியதன் வயிற்றுக்குள் இருந்தது, அது வயிற்றுப்பிள்ளை என்று சொன்னாள். அவர் அவளுடைய வயிற்றைப் பார்த்தார், சிரித்தார். உன் நிலைமையில் இருக்கிறவளுக்கு எதைப் பார்த்தாலும் பிள்ளையாகத்தான் தெரியும் என்றார். கெட்ட மனிதர் இல்லை. தமாஷ் என்று நினைத்துத்தான் சொன்னார். கூட நின்றவர்களும் சிரித்தார்கள். பதினோரு பெட்டிகளும் வண்டியேறின. ஐந்து வாரம் கழித்து அவளுக்குப் பெண் பிறந்தது.

அதன்பின் பதினேழு வருஷம். அவள் மீன் அனுப்பினாள், பல் அனுப்பினாள், ஆள் தலை அளவு நத்தை ஒன்று அனுப்பினாள். ஒவ்வொன்றுக்கும் பெற்றுக்கொண்டோம் என்று ஒரு சீட்டு வரும். வந்து பார் என்று ஒரு வரி வந்ததில்லை. நகரம் அரை நாள் ரயில் தூரம்தான். ஆனால் கூப்பிடாத வீட்டுக்கு எப்படிப் போவது என்று அவள் போகவில்லை.

மகள் பக்கத்து டவுனில் ஒரு அச்சகத்தில் எழுத்துக் கோக்கிற வேலைக்குப் போனாள். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரியாக அடுக்கும் வேலை. அதில் எல்லாமே இடம் வலம் மாறி, தலைகீழாகத்தான் இருக்கும். ஒரு வருஷத்தில் அவளுக்கு எந்தப் பக்கத்திலிருந்து எதைக் காட்டினாலும் படிக்க வந்துவிட்டது. அந்த அச்சகத்துக்கு ஒரு நாள் அருங்காட்சியகத்தின் கைப்புத்தகம் அச்சுக்கு வந்தது. பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் அனுப்பப்போகிறார்களாம். அதில் அம்மாவின் மிருகம் படத்தோடு இருந்ததைப் பார்த்ததும் மகளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பிழை பார்க்க எடுத்த புரூப் தாளை வெளியே கொண்டுபோனால் வேலை போய்விடும். மடித்து ரவிக்கைக்குள் வைத்துக் கொண்டுவந்துவிட்டாள்.

தாய் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினாள். பார்த்தாள். திருப்பினாள். மறுபடியும் பார்த்தாள்.

"அம்மா, தாளைத் தலைகீழாப் பிடிச்சிருக்க."

"நான் சரியாத்தான் பிடிச்சிருக்கேன். அவங்கதான் அதைத் தலைகீழா நிக்க வச்சிருக்காங்க."

மகள் கீழே இருந்ததைப் படித்தாள். இந்த விலங்கின் சிறப்பு அதன் முதுகுக் கவசம் என்று இருந்தது. எதிரிகளிடமிருந்து காத்துக்கொள்ள முதுகு முழுக்க எலும்புத் தட்டுகள் இருந்தனவாம். கவசத்துக்கும் முதுகெலும்புக்கும் நடுவே கிடந்த சிறிய விலங்கு வேறு இனம், அலையில் ஒதுங்கிச் சிக்கியது, அதைத் தனிக் கண்ணாடிப் பெட்டியில் காணலாம் என்று முடிந்திருந்தது.

தாய்க்குக் கோபம் வந்தது. இவ்வளவு கோபம் வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. வயிற்றைத் தூக்கி முதுகில் போட்டிருக்கிறார்கள். சரி, அது போகட்டும். பிள்ளையைத் தாயிடமிருந்து எடுத்துத் தனியாக வைத்து, இது வேறு சாதி என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள். அச்சு எப்போது ஏறுகிறது என்று கேட்டாள். ஒன்பது நாளில் என்றாள் மகள். ஏறிவிட்டால் அப்புறம் தலைகீழாக நின்று தண்ணி குடித்தாலும் மாற்ற முடியாது. ஊர் ஊராகப் பிள்ளைகள் அதைத்தான் மனப்பாடம் செய்யும்.

புருஷன், செத்து எந்தக் காலமோ ஆயிற்று, அது குப்புறக் கிடந்தால் என்ன, மல்லாக்கக் கிடந்தால் என்ன என்று கேட்டார். செத்ததற்கு ஒன்றுமில்லை, பார்க்கிறவர்களுக்குத்தான் என்றாள். அவர் அவளுடைய அறுந்த செருப்பை எடுத்து வாரைத் தைக்க ஆரம்பித்தார். இவள் போகாமல் விடமாட்டாள் என்று அவருக்குத் தெரியாதா?

தாயும் மகளும் ரயிலேறினார்கள்.

அருங்காட்சியகத்தின் நடுக்கூடத்தில், இரும்புக் கம்பிகள் தாங்க, அது நின்றது. முதுகில் வயிறு. இல்லாத தலைக்குப் பதிலாகச் சாந்தில் ஒரு தலை செய்து வைத்திருந்தார்கள். யாரோ முதலையைப் பார்த்துச் செய்திருக்க வேண்டும், பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. காவலாளி இவர்களைப் பார்த்ததும் அருகில் வந்து, இருபது ஆள் சேர்ந்து சம்மட்டியால் அடித்தாலும் அந்தக் கவசம் உடைந்திருக்காது என்று பெருமையாகச் சொன்னார். தானே கூட இருந்து பார்த்தவர் மாதிரி. சின்னது ஜன்னலோரம் கண்ணாடிப் பெட்டியில் தனியாகக் கிடந்தது. அவள் கண்ணாடி மேல் கையை வைத்தாள். தொடக்கூடாது என்றார் காவலாளி.

பேராசிரியரைப் பார்க்க வேண்டும் என்றால் முன்கூட்டி எழுதிக் கேட்க வேண்டுமாம். பதினோரு பெட்டி அனுப்பினவள் வந்திருக்கிறாள் என்று மட்டும் போய்ச் சொல்லுங்கள் என்றாள். பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அவரே இறங்கி வந்தார். தலை நரைத்திருந்தது, கண்ணாடி தடித்திருந்தது. பார்த்ததில் அவருக்கு நிஜமாகவே சந்தோஷம். மேலே தன் அறைக்குக் கூட்டிப்போய்த் தேநீர் வரவழைத்தார். உன் மகளா இது, இவ்வளவு பெரியவளாகிவிட்டாளா என்று விசாரித்தார்.

மிருகம் தலைகீழாக நிற்கிறது என்று அவள் சொன்னாள். சிரிப்பு அவர் முகத்தில் அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறியது. சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலப் பொறுமையாக விளக்கினார். ஒரு பாளத்திலாவது குழப்பம் இருந்தால் பரவாயில்லை. எல்லாவற்றிலும் அவள் போட்ட அடையாளம் அத்தனை தெளிவாக இருந்தது என்றார்.

"நீ கோடு போட்ட பக்கத்தை மேல வச்சுத்தானே எல்லாத்தையும் அடுக்கினோம்?"

"கோடு போட்ட பக்கம் கீழங்க."

அவர் பார்த்த அத்தனை பெட்டிகளிலும் அத்தனை துறைமுகங்களிலும் அடையாளம் போட்ட பக்கம்தான் மேல்பக்கம். அவள் பார்த்த அத்தனை சுவர்களிலும் அதுதான் கீழ்ப்பக்கம். இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்க ஒரு நிமிஷம் போதும், அன்றைக்கு அந்த ஒரு நிமிஷம் ரயிலுக்குப் போய்விட்டது.

ஆனால் யானைக்கும் அடி சறுக்கும் என்று ஒப்புக்கொள்ள யானைக்கு மனசு வரவேண்டுமே. அவர் இல்லை என்று மெல்லத் தலையாட்டினார். பதினேழு வருஷம் ஆகிவிட்டது, ஞாபகம் பிசகும் என்றார். ஒரு தார்க்கோட்டை நம்பி உலகமெல்லாம் எழுதியதைத் திருப்பி எழுத முடியாது, கல்லே சாட்சி சொன்னால்தான் உண்டு என்றார்.

எலும்பை எடுத்தபிறகு மிச்சமான பாளங்களைத் தூக்கி எறிந்துவிட்டீர்களா என்று அவள் கேட்டாள். இல்லை, கீழறையில் கிடக்கின்றன. மூவரும் இறங்கினார்கள். கீழறை ஜன்னல்கள் தெரு மட்டத்தில் இருந்ததால், போகிற வருகிறவர்களின் கால்கள்தான் தெரிந்தன. வெளிச்சம் போதாமல் பேராசிரியர் ஒரு விளக்கை ஏற்றிக்கொண்டார். பாளங்கள் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன, தூசு படிந்து. அவள் ஒவ்வொன்றாகக் கையால் தடவிக்கொண்டே போனாள். எதைத் தேடுகிறாள் என்று அவர் கேட்டார். ஆறாவது பாளத்தில் அவள் விரல் நின்றது. முன்றானையால் தூசைத் துடைத்துவிட்டு விளக்கைக் கிட்டே கொண்டுவரச் சொன்னாள். கல்லின் மேல் முழுக்கச் சின்னச் சின்னப் பள்ளங்கள், அம்மைத் தழும்பு மாதிரி.

இது என்ன என்று அவரிடம் கேட்டாள். அவருக்கு அது நன்றாகத் தெரியும். அதைப் பற்றியே தனியாகக் கட்டுரை எழுதியவர். செத்த மிருகம் கரையில் ஒதுங்கி, சேறு மூடி, அந்தச் சேறு காய்வதற்குள் மழை பெய்திருக்கிறது. இவை அந்தத் துளிகள் விழுந்த குழிகள் என்றார். சொல்லும்போதே குரலில் ஒரு பிரியம் இருந்தது.

அவள் பாளத்தை மகளோடு சேர்ந்து திருப்பினாள். மறுபக்கத்தில் முதுகெலும்பு கிடந்த தடம், நூல்கண்டு நூல்கண்டாக. அதற்குக் குறுக்கே அவள் இழுத்த தார்க்கோடு. நீங்கள் நிறுத்திய கணக்கில் இந்தப் பாளம் எங்கே வருகிறது என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் அடியில் என்றார் அவர். எலும்புத் தடம் எந்தப் பக்கம் பார்த்து? மேலே பார்த்து. அப்படியென்றால் இந்தக் குழிகள்?

அவர் விளக்கைக் கல்லுக்கு அருகே தாழ்த்தினார்.

"மழை கீழேயிருந்து மேல பெய்யுமாங்க?" என்று அவள் கேட்டாள்.

பேராசிரியர் ஒரு காலிப் பெட்டி மேல் உட்கார்ந்தார். கல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தெருவில் ஒரு வண்டி கடந்துபோயிற்று, ஜன்னல் அதிர்ந்து நின்றது. இந்த நிமிஷத்துக்காகத்தான் அவள் ரயிலேறி வந்தாள். வந்தபிறகு பார்த்தால் நினைத்த அளவு சந்தோஷம் இல்லை. நடுத்தெருவில் பெரிய மனிதர் ஒருவர் வழுக்கி விழுந்ததைப் பார்த்த மாதிரி, சிரிக்கவும் முடியவில்லை, தூக்கிவிடவும் கை போகவில்லை.

அவர்தான் முதலில் பேசினார். "அந்தச் சின்னது வயித்துப்பிள்ளைன்னு நீங்க அன்னிக்கே சொன்னீங்க, இல்ல?"

சொன்னேன் என்றாள். அதற்கு அவர் என்ன சொன்னார் என்பதை எடுத்துச் சொல்ல நாக்கு துடித்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டாள். பதினேழு வருஷத்தில் அவர் அவளை முதல் தடவையாக நீங்கள் என்று சொல்லியிருந்தார். அதை அவர் கவனித்தாரோ இல்லையோ, மகள் கவனித்தாள்.

மேலே போய்க் கண்ணாடிப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். சின்னதன் துடுப்பெலும்புகளைப் பெரியதன் பக்கத்தில் வைத்து எண்ணினார். ஒன்றுகூடக் கூடவில்லை, குறையவில்லை. பல் பட்ட தடமும் இல்லை, ஆகவே விழுங்கிய இரையும் இல்லை. காவலாளி கவசத்தை ஒரு தடவை, பேராசிரியரை ஒரு தடவை என்று மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு அவர் தன் மேஜையில் உட்கார்ந்து தனக்கு வந்திருந்த புரூப் தாளை விரித்து, கவசம் பற்றிய பத்தி முழுவதையும் பென்சிலால் அடித்தார். ஓரத்தில் புதிதாக எழுதினார். எழுதிக்கொண்டே வாய்விட்டுச் சொன்னார்: எலும்புத் தட்டுகள் வயிற்றுப்புறத்தைச் சேர்ந்தவை, உள்ளே இருப்பது பிறக்காத குட்டி. அவள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். முகம் அப்படி மலர்ந்திருந்தது. மகள் மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். தலைகீழாகத் தெரிந்த அந்த எழுத்துகளைப் படிக்க அவளுக்கு என்ன கஷ்டம்? அவர் வாய்விட்டுச் சொல்லாத முதல் வரியையும் அவள் படித்தாள். 'இவ்விலங்கு இதுவரை தவறாக நிறுத்தப்பட்டிருந்ததை மறு ஆய்வில் நான் கண்டேன்.'

ரயில் கிளம்பியதும் தாய் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டாள். மகள் தன் பங்கைத் தொடவில்லை. அம்மாவின் சந்தோஷத்தில் மண்ணைப் போடவா, வேண்டாமா என்று ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். இரண்டு ஸ்டேஷன் போயிற்று.

"அவர் என்ன எழுதினாரு?" என்று தாய் கேட்டாள். "மேல ஒரு வரி. அதைப் படிச்சப்போ உன் மூஞ்சியப் பார்த்தேன்."

மகள் சொன்னாள். தாய் சாப்பிடுவதை நிறுத்தினாள். பொட்டலத்தை மடித்து ஓரமாக வைத்தாள். நான் கண்டேன் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். அவளுக்கு வலித்தது. மிருகத்தை நேராக்கத்தான் வந்தேன், நேராகிவிட்டது, அதோடு போதும் என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தாள், மனசு ஒப்பவில்லை. ஒருக்களித்துப் படுத்த இருபத்திரண்டு நாளும், கூட நின்றவர்கள் சிரித்த சிரிப்பும் அந்த ஒரு வரிக்குள் காணாமல் போயிருந்தன.

"அதைக் கோக்கப்போறதே நான்தாம்மா," என்றாள் மகள். "நான் கண்டேன்னு இருக்கிறதை எடுத்துட்டு உன் பேரைப் போட்டுடுறேன். ரெண்டு நிமிஷ வேலை. அச்சான பிறகு யாரு என்ன பண்ண முடியும்?"

தாய் யோசித்தாள். ஆசை இல்லாமல் இல்லை. பிறகு வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"கல்லுல இல்லாத ஒண்ணை நான் செதுக்கிச் சேர்த்தது கிடையாது. நீயும் ஈயத்துல சேர்க்காத. அவரு எழுதினதை அவரு கையால மாத்தட்டும். ஒரு கடுதாசி எழுது."

மகள் பென்சிலை எடுத்தாள். ரயில் ஆட்டத்தில் எழுத்து கோணல்மாணலாகத்தான் வந்தது. ஐயா அவர்களுக்கு, அந்த மாதிரி இன்னொன்று கிடைத்திருக்கிறது, தலையோடு. அந்த முதல் வரியில் யார் கண்டது என்று சரியாக எழுதி அனுப்பினால், நாங்களும் தலையை அனுப்புகிறோம். அவ்வளவுதான், முடித்துக்கொள் என்றாள் தாய்.

மகள் நிமிர்ந்து பார்த்தாள். "தலை கிடைச்சிருக்கா? எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"இல்ல," என்றாள் தாய். "தேடினா கிடைக்கும்."

திறந்த வாயை மூடிக்கொண்டு மகள் கடிதத்தை மடித்தாள். கல்லில் பொய் சேர்க்க மாட்டேன் என்று சொல்லி வாய் மூடவில்லை, அதற்குள் கடிதத்தில் முழுப் பூசணிக்காய் அளவுக்கு ஒரு பொய். அம்மாவிடம் இதில் நியாயம் கேட்டுப் பிரயோஜனம் இல்லை.

ஆறாம் நாள் அச்சகத்துக்குப் புரூப் வந்தது. 'நான் கண்டேன்' அடிக்கப்பட்டிருந்தது. அதே பென்சில், அதே கையெழுத்து: 'இவ்விலங்கைக் குவாரியில் கண்டெடுத்தவரே, அது கிடந்த விதத்தையும் நமக்குக் காட்டித் திருத்தினார்.' தொடர்ந்து அவளுடைய முழுப் பெயர். மகள் அந்த வரியை மட்டும் மூன்று தடவை கலைத்துக் கலைத்துக் கோத்தாள், இடைவெளி சரியாக வரவில்லை என்று. படத்துக்கு என்ன செய்வது என்று முதலாளி தலையைச் சொறிந்தார். படம் செதுக்கிய அச்சுக் கட்டையைத் திருப்பிப் போட்டால் போச்சு என்று அவள் சொல்ல, அப்படியே செய்தார்கள். சாந்துத் தலை மட்டும் அந்தப் பதிப்பில் தலைகீழாகச் சிரித்தது.

மிருகத்தைக் கம்பியிலிருந்து இறக்கித் திருப்பி நிறுத்த ஒரு வருஷம் பிடித்தது. இந்த முறை குட்டியையும் அதன் இடத்தில் வைத்தார்கள். புத்தகம் பின்னாளில் மறுபதிப்பு கண்டபோது, பக்கம் போதவில்லை என்று புதிதாக வந்த ஒரு அதிகாரி அந்த வரியை எடுத்துவிட்டார். இன்று அங்கே போய்த் தேடினால் அவளுடைய பெயர் எங்கேயும் கிடையாது. சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை, வயிறுதான் எரியும்.

அவளுக்கு அப்போது வேறு கவலை. வரி மாறிவிட்டது, தலைக்கு எங்கே போவது? விடுமுறை தவறாமல் பாறைச் சரிவில் தேடினாள். முள் கிடைத்தது, பல் கிடைத்தது, தலை கிடைக்கவில்லை. தபால்காரர் தெருவில் திரும்பினால் அடுப்படிக்குள் போய்விடுவாள். கல் விஷயத்தில் வாழ்க்கையில் சொன்ன ஒரே பொய் அது, உறுத்திக்கொண்டே இருந்தது. நாலு வருஷம் அப்படியே போயிற்று. அருங்காட்சியகத்திலிருந்து ஒரு வார்த்தை கேட்டு வரவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

நாலாவது வருஷக் கடைசியில் பேராசிரியரே வந்து வாசலில் நின்றார். ஓய்வு பெற்றிருந்தார், கையில் தடி. அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டு, அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டாள். "தலை கிடைக்கலைங்க. அன்னிக்கு எழுதினப்பவும் கிடைச்சிருக்கல."

"தெரியும்," என்றார் அவர். "கிடைச்சிருந்தா நீங்க கடுதாசி போட்டிருக்க மாட்டீங்க. மடியில வச்சு ரயிலேறி வந்து என் மேஜை மேல வச்சிருப்பீங்க."

தெரிந்துமா மாற்றினீர்கள் என்று அவள் கேட்டாள்.

அவர் தடியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். "அந்த வரியை எழுதறப்பவே கை கூசிச்சு. யாராவது ஒருத்தர் கேக்க மாட்டாங்களான்னு இருந்தது."

அவள் நாற்காலி மேல் கிடந்த கற்களை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, உள்ளே வந்து உட்காரச் சொன்னாள்.